பறவையைப் பார்த்தீர்கள், சரி. சாட்சி எங்கே?

ஆலன் ஆக்டேவியன் ஹியூம் என்றால் நமக்குக் காங்கிரஸ் நினைவுக்கு வரும். 1885, பம்பாய், வரலாற்றுப் பாடத்தில் ஐந்து மதிப்பெண். பறவை பார்ப்பவர்களுக்கு அவர் வேறு ஆள். சிம்லாவில் இருந்த அவருடைய வீட்டில் பறவைத் தோல்களும் முட்டைகளுமாக ஏறத்தாழ 80 ஆயிரம் மாதிரிகள் அடுக்கிவைக்கப்பட்டிருந்தன. இந்தியப் பறவைகள் அத்தனையையும் பற்றிப் பெரிய நூல் ஒன்று எழுதுவதற்காக 25 ஆண்டுகளாகக் குறிப்புகள் சேர்த்துவந்தார். 1880களின் நடுவில், ஒரு குளிர்காலத்துக்கு அவர் மலையிறங்கிப் போயிருந்த நேரத்தில், வீட்டு வேலையாள் ஒருவர் அந்தக் கையெழுத்துக் கட்டுகளைப் பழைய காகிதமென்று கடைத்தெருவில் விற்றுவிட்டார். பருப்புக்கும் வெல்லத்துக்கும் பொட்டலமாகப் போயிருக்கும். மனம் விட்டுப்போன ஹியூம், சேகரிப்பு முழுவதையும் பிரிட்டிஷ் மியூசியத்துக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டுப் பறவைகளிடமிருந்தே விலகிக்கொண்டார்.

இருந்தும் அவர் உழைப்பில் பெரும்பகுதி இன்றைக்கும் நம் கையில் இருக்கிறது. 1870களில் தொடங்கி அவர் நடத்திய ‘ஸ்ட்ரே ஃபெதர்ஸ்’ என்ற பறவை இதழ்தான் காரணம். பட்டாள அதிகாரி, காட்டிலாகாக்காரர், தோட்டத்துரை என்று நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் இருந்தவர்கள், தாங்கள் பார்த்ததை அதற்கு எழுதி அனுப்பினார்கள். வீட்டில் பூட்டி வைத்தது போயிற்று. அச்சேறியது பல ஊர் அலமாரிகளுக்குப் போய்ச் சேர்ந்திருந்ததால் பிழைத்துக்கொண்டது. ஹியூமுக்கு முன்னோடி நம் பக்கத்திலேயே உண்டு. தாமஸ் ஜெர்டன் என்ற மருத்துவர், தென்னிந்தியப் பறவைகளின் பட்டியலை 1839-40இல் தவணை தவணையாக வெளியிட்டது சென்னையிலிருந்து வந்த ‘மெட்ராஸ் ஜர்னல் ஆஃப் லிட்டரேச்சர் அண்ட் சயின்ஸ்’ இதழில்தான்.

இதையெல்லாம் இப்போது ஏன் கிளற வேண்டும்? தமிழ்நாட்டில் பறவை பார்ப்பவர்கள் இன்றைக்கு இருக்கும் அளவுக்கு என்றைக்கும் இருந்ததில்லை. பள்ளிக்கரணையிலும் கோடியக்கரையிலும் கூந்தன்குளத்திலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ப் பாருங்கள், சில நேரம் நாரைகளைவிட லென்ஸ்கள் அதிகம். ஆனால் அவர்கள் பார்ப்பதில் பெரும்பகுதி போய்ச் சேரும் இடம் சிம்லா கடைத்தெருவைவிட மேலானதல்ல. ‘மார்னிங் வாக்கில் கிடைத்தது. ஐடி ப்ளீஸ்’ என்று வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் விழுகிறது. யாரோ ஒரு அண்ணன் பெயர் சொல்கிறார். நாற்பது கைதட்டல். அடுத்த வாரம் போன் மெமரி நிறைந்துவிட்டதென்று அழித்துவிடுகிறார்கள். எந்த ஏரி, என்றைக்கு, எத்தனை, என்ன செய்துகொண்டிருந்தது என்ற எதுவும் மிஞ்சுவதில்லை.

இதற்கென்றே இதழ்கள் இருக்கின்றன. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஜர்னல் 1886இலிருந்து வருகிறது. அதன் பின்பக்கங்களில் வரும் ‘பல்வகைக் குறிப்புகள்’ பகுதிதான் பலருக்கு முதல் வாசல். ஒரு பத்தி எழுதினாலும் இடம் உண்டு. ஜாஃபர் ஃபதேஹல்லி 1960இல் தொடங்கிய ‘நியூஸ்லெட்டர் ஃபார் பேர்ட்வாட்சர்ஸ்’ வெறும் சைக்ளோஸ்டைல் தாள்களாக வெளிவந்தது. வங்கி ஊழியரும் கல்லூரி மாணவரும் எழுதலாம், சாலிம் அலியும் படிப்பார் என்ற நிலையை உண்டாக்கியது அதுதான். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அவரே ஆசிரியர். சென்னையில் 1978இல் உருவான மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி ‘பிளாக்பக்’ இதழை நடத்துகிறது. ஹைதராபாத்திலிருந்து ஆஷீஷ் பிட்டி 2004இல் வேறு பெயரில் தொடங்கி, பிறகு ‘இந்தியன் பேர்ட்ஸ்’ ஆன இதழை யாரும் காசில்லாமல் படிக்கலாம். இலங்கையில் 1943இல் தொடங்கிய சிலோன் பேர்ட் கிளப், உறுப்பினர்கள் கண்டதைத் தொகுத்துத் தன் ‘நோட்ஸ்’ இதழில் வெளியிட்டுவருகிறது.

ஒரு நீர்க்காகம், ஏழு கேள்விகள்

இதழுக்குக் குறிப்பு எழுதுவது பெரிய வித்தையா? இல்லை. ஆனால் ஆசிரியர் கேட்கும் கேள்விகள் பலருக்கு எரிச்சலாக இருக்கும். ஒரு ஆசிரியரின் மேசைக்கு இப்படி ஒரு கடிதம் வருவதாக வைத்துக்கொள்வோம்: ‘சென்ற வாரம் எங்கள் ஊர் ஏரியில் கொண்டை நீர்க்காகம் ஒன்றைக் கண்டேன். இந்தப் பகுதியில் இதுவே முதல் பதிவு. மிக அழகான காட்சி.’

எழுதியவர் பொய் சொல்லவில்லை. என்றாலும் இதை அச்சேற்ற முடியாது. தமிழ்நாட்டு நீர்நிலைகளில் மூன்று வகை நீர்க்காகங்கள் உண்டு: சிறியது, கொண்டை, பெரியது. மூன்றும் கறுப்பு. மூன்றும் பட்ட மரத்தில் உட்கார்ந்து இறக்கையை விரித்துக் காயவைக்கும். கால் கிலோமீட்டர் தள்ளி எதிர்வெயிலில் பார்த்தால் மூன்றும் ஒன்றுதான். ஆகவே ஆசிரியர் பதில் போடுகிறார். எந்த ஏரி? என்ன தேதி, எத்தனை மணி? வெயில் எந்தப் பக்கம்? எவ்வளவு தூரம்? அலகு எப்படி இருந்தது? கண் என்ன நிறம்? சிறிய நீர்க்காகம் இல்லை என்று எதை வைத்து முடிவுசெய்தீர்கள்?

எழுதியவர் நோட்டுப் புத்தகம் வைத்திருப்பவராக இருந்தால் இரண்டாவது கடிதம் வேறு மாதிரி வரும். ‘ஜனவரி 2, காலை 7.10. ஏரியின் கிழக்குக் கரை, கலிங்குக்குப் பக்கத்தில் நீருக்குள் நின்ற கருவேல மரம். வெயில் என் முதுகுப் பக்கம். தூரம் சுமார் 40 மீட்டர். 8x42 பைனாகுலர். அலகு ஒல்லியாக, ஏறக்குறைய தலையின் நீளத்துக்கு இருந்தது. நுனியில் கொக்கி போன்ற வளைவு. கண் நீலப்பச்சை. அதே மரத்தில் கீழ்க்கிளையில் சிறிய நீர்க்காகங்கள் இரண்டு இருந்தன. அவற்றின் அலகு குட்டை, உடம்பும் தெளிவாகச் சிறியது. நான் சொல்லும் பறவை ஆறு நிமிடம் இறக்கை காயவைத்துவிட்டுத் தெற்கே பறந்தது. கழுத்தின் நிறத்தைச் சரியாகப் பார்க்கவில்லை.’

இந்தக் கடைசி வாக்கியம் ஒரு பக்க வர்ணனைக்குச் சமம். பார்க்காததைப் பார்க்கவில்லை என்று எழுதுகிறவர், பார்த்ததாகச் சொல்வதையும் நம்பலாம். பக்கத்தில் இருந்த சிறிய நீர்க்காகங்களைக் குறித்துவைத்தது இன்னும் கெட்டிக்காரத்தனம். அளவுகோல் அங்கேயே கிடைத்துவிட்டது. ‘மிக அழகான காட்சி’ தானாகக் கழன்று விழுந்துவிட்டதையும் கவனியுங்கள்.

படம் இருந்தால் இவ்வளவு தேவையா என்று கேட்பார்கள். படம் பெரிய துணைதான், ‘ரெகார்ட் ஷாட்’ என்று சொல்லிக்கொண்டு எடுக்கும் மங்கலான படம்கூட உதவும். ஆனால் படத்தில் குரல் இல்லை; அது எதைத் தின்றது, எதை விரட்டியது, எங்கே போயிற்று என்பதெல்லாம் இல்லை. கேமரா வந்த பிறகு நம் ஆட்களில் பலர் பறவையைப் பார்ப்பதே இல்லை, பின்பக்கத் திரையைத்தான் பார்க்கிறார்கள் என்பது என் குறை. வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்க்கும்போதுதான் அவர்களுக்குப் பறவை தரிசனம் கிடைக்கிறது.

பெயர் தெரியாவிட்டால் எழுதவே கூடாது என்பதும் இல்லை. இலங்கையில் தீபால் வரகாகொட 1995இல் கித்துல்கல மழைக்காட்டில் இரவில் ஒரு குரலைக் கேட்டார். தீவில் அறியப்பட்டிருந்த எந்த ஆந்தையின் குரலோடும் அது பொருந்தவில்லை. ஏதோ ஒன்றின் பெயரைப் போட்டுக் கணக்கை முடித்துவிடாமல், அடையாளம் தெரியாத குரல் என்றே வைத்துக்கொண்டு தேடினார். 2001 ஜனவரியில் சிங்கராஜாக் காட்டில் அந்தச் செம்பழுப்பு நிறச் சின்ன ஆந்தை கண்ணில் பட்டது. 2004இல் அது உலகுக்கே புதிய இனம் என்று இதழில் அறிவிக்கப்பட்டது. நூறாண்டுகளுக்கும் மேலாக அறிஞர்கள் சலித்துப் பார்த்த தீவு அது.

பொய் சொன்ன கர்னல்

ஆசிரியர் ஏன் இப்படித் துருவ வேண்டும்? ஒரு பொய்க் குறிப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு மத்திய இந்தியாவின் ஃபாரஸ்ட் அவுலட் என்ற சிறிய ஆந்தையின் கதையைச் சொல்ல வேண்டும்.

அதை 1873இல் முதலில் விவரித்தவர் நம் ஹியூம், அதே ‘ஸ்ட்ரே ஃபெதர்ஸ்’ இதழில். பிறகு சில மாதிரிகள் கிடைத்தன. 1884க்குப் பிறகு ஒன்றும் இல்லை. ஒரே ஒரு விதிவிலக்கு. ரிச்சர்ட் மைனர்ட்ஸாகன் என்ற பிரிட்டிஷ் கர்னல், 1914இல் குஜராத்தின் மாண்ட்வியில் ஒன்றைச் சுட்டதாகத் தோலோடு சீட்டும் கட்டி வைத்திருந்தார். பட்டாளத்து வீரர், பெரிய சேகரிப்பாளர், யார் சந்தேகப்படுவார்கள்? சாலிம் அலியும் அமெரிக்க அறிஞர் டில்லன் ரிப்ளியும் உட்படத் தேடிப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள்.

1990களில் பமீலா ராஸ்முஸன் என்ற அமெரிக்கப் பறவையியலாளர் அந்தத் தோலை எடுத்து ஆராய்ந்தார். கர்னலின் ஆந்தை குஜராத்தில் சுட்டதே அல்ல. 1880களில் ஜேம்ஸ் டேவிட்சன் என்பவர் பிடித்த மாதிரியை மியூசியத்திலிருந்து திருடி, தையலைப் பிரித்துப் புதிதாகப் பஞ்சடைத்து, தன் பெயரில் சீட்டு மாட்டியிருக்கிறார்! கர்னலின் ஊரைக் கணக்கிலிருந்து தள்ளியதும், பத்தொன்பதாம் நூற்றாண்டுக் குறிப்புகள் சொன்ன உண்மையான இடங்கள் மட்டும் மிஞ்சின. ராஸ்முஸன், பென் கிங், டேவிட் அபாட் மூவரும் அந்தப் பழைய இடங்களுக்கே போனார்கள். 1997 நவம்பரில், மகாராஷ்டிரத்தில் ஷஹாதாவுக்கு அருகே, பட்டப்பகலில் மரக்கிளையில் உட்கார்ந்திருந்தது அந்த ஆந்தை. 113 ஆண்டுகளாகக் காணாமல் போனதாகக் கருதப்பட்ட பறவை. பொய்க் குறிப்பு ஆட்களை வேறு ஊருக்குத் திருப்பிவிட்டது. ஒழுங்காக எழுதிய பழைய குறிப்புகள் வீட்டு வாசலுக்கே கொண்டுபோய் விட்டன.

இங்கிலாந்தில் நடந்தது இதைவிடப் பெரிய கூத்து. ஹேஸ்டிங்ஸ் என்ற கடலோர ஊரைச் சுற்றி, 1892 முதல் 1930 வரை, எங்கும் கிடைக்காத அரிய பறவைகளெல்லாம் கிடைத்துக்கொண்டே இருந்தன. 1962இல் ‘பிரிட்டிஷ் பேர்ட்ஸ்’ இதழ், அந்தப் பதிவுகளைப் பக்கத்து மாவட்டங்களின் பதிவுகளோடு ஒப்பிட்டு, புள்ளியியல் கணக்குப் போட்டுப் பார்த்தது. தற்செயலாக இவ்வளவு அதிர்ஷ்டம் ஒரே ஊருக்கு வாய்க்காது. இனமும் உள்ளினமுமாக 29 பறவைகள் நாட்டின் பட்டியலிலிருந்து ஒரே அடியில் நீக்கப்பட்டன. அவற்றில் பெரும்பாலானவை பின்னாளில் நிஜமாகவே அங்கே வந்து, முறையாகப் பதிவாகி, பட்டியலில் திரும்பச் சேர்ந்தன என்பது வேடிக்கை.

நம் ஊரில் யாரும் இப்படித் திட்டமிட்டு மோசடி செய்கிறார்கள் என்று சொல்ல வரவில்லை. ‘லைஃபர்’ ஆசை போதும். வாழ்நாள் பட்டியலில் 499 இருக்கும்போது கண்ணில் படும் ஐந்நூறாவது பறவை கொஞ்சம் அரிதாகத்தான் தெரியும்.

கம்பியில் உட்கார்ந்திருக்கும் பனங்காடை

அரிய பறவை மோகத்தில் இன்னொரு நஷ்டமும் இருக்கிறது. பனங்காடையை எடுத்துக்கொள்ளுங்கள். கரட்டுக்காட்டு ரோட்டோரம் மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும். பறந்தால் இறக்கையில் நீலம் வாரியடிக்கும். பேருந்து ஜன்னலிலிருந்து பார்த்தே வளர்ந்த பறவை. ‘இன்று ஒரு பனங்காடை பார்த்தேன்’ என்று எந்த இதழுக்கும் யாரும் எழுதமாட்டார்கள். 2023இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை, பனங்காடை நாடு முழுக்கக் கணிசமாகக் குறைந்துவிட்டது, அதன் அபாய நிலையை உலக அளவில் மறுபடி மதிப்பிட வேண்டும் என்று சொன்னது. அந்த முடிவு எங்கிருந்து வந்தது? முப்பதாயிரம் பேர் ‘இபேர்ட்’ தளத்தில் ஏற்றிய மூன்று கோடிக் குறிப்புகளிலிருந்து. அவர்கள் பனங்காடையையும் காக்கையையும் மைனாவையும் விடாமல் எழுதிவைத்ததால் தெரிந்தது.

சிட்டுக்குருவி விஷயத்திலும் அப்படித்தான். செல்போன் டவர் வந்து குருவி அழிந்தது என்று சினிமா வரைக்கும் போய்விட்டது. அதே அறிக்கையின் 2020 பதிப்போ, நாட்டளவில் குருவி எண்ணிக்கை பெரிதாக மாறவில்லை, சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில்தான் படிப்படியாகக் குறைகிறது என்றது. மேடையில் பேசுவதற்குச் சுவை குறைவுதான், என்ன செய்ய.

இந்த எண்ணிக்கை வேலைக்கு இபேர்ட் தோதானது. எத்தனை நிமிடம் பார்த்தீர்கள், எவ்வளவு தூரம் நடந்தீர்கள், பார்த்த பறவை எல்லாவற்றையும் எழுதினீர்களா என்று அது கேட்கும். எல்லாவற்றையும் எழுதியிருந்தால், பட்டியலில் இல்லாத பறவை அன்றைக்குக் கண்ணில் படவில்லை என்பதும் தகவலாகிவிடும். 2015இலிருந்து நடக்கும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் பதினைந்து நிமிடம் மொட்டைமாடியில் நின்று எண்ணினாலே போதும். கேரளத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் 2015 முதல் 2020 வரை மாநிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துப் போட்டு, மழைக்காலத்தில் ஒரு முறையும் வறண்ட காலத்தில் ஒரு முறையும் எண்ணி முடித்தார்கள். இந்தக் காரியத்தில் நாம் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்துப் பொறாமைப்படலாம்.

அப்புறம் இதழ் எதற்கு? பட்டியலில் அடங்காதது நிறைய இருக்கிறது. நத்தைக்குத்தி நாரை புதிதாக ஒரு ஊர்க் கண்மாயில் கூடு கட்டத் தொடங்கியிருக்கிறது. எந்த மரம், எத்தனை கூடு, எந்த மாதம் குஞ்சு வெளிவந்தது, ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி வெடித்தார்களா? சூறைக்குருவிக் கூட்டம் இந்த ஆண்டு சோளம் இல்லாத ஊரில் எதைத் தின்கிறது? ஐப்பசி மழையில் களைத்துப்போய் வீட்டுக் கொல்லையில் விழுந்த ஆறுமணிக்குருவி எத்தனை நாள் அதே வாழைமரத்தடியில் தங்கியது? இதற்கெல்லாம் வாக்கியம் வேண்டும், பத்தி வேண்டும். கே.கே. நீலகண்டன், ‘இந்துசூடன்’ என்ற பெயரில் மலையாளிகளுக்குப் பறவைகளை அறிமுகம் செய்தவர், ஆந்திரத்தின் மேற்குக் கோதாவரிப் பகுதியில் தான் கண்ட கூழைக்கடாக்களின் கூட்டுக் குடியிருப்பைப் பற்றி 1949இல் பம்பாய் ஜர்னலில் எழுதினார். ‘கூழைக்கடா, எண்ணிக்கை இவ்வளவு’ என்று மட்டும் பதிந்திருந்தால் அதை இன்று யார் தேடிப் படிப்பார்கள்?

எழுதக்கூடாததும் உண்டு. கூடு இருக்கும் இடத்தைத் துல்லியமாக அச்சில் போடக்கூடாது. ஆந்தை அடையும் மரத்தைச் சொல்லவே கூடாது. மறுநாள் காலையில் அங்கே டிரைபாட் நிற்கும், நாளை மறுநாள் பிடிப்பவனும் வருவான். வட்டம் பெயரோடு நிறுத்திக்கொண்டு, சரியான இடத்தை ஆசிரியரிடம் மட்டும் தனியாகச் சொல்வதே முறை. இபேர்ட்டிலும் சில பறவைகளின் இடத்தைப் பொதுப் பார்வையிலிருந்து மறைத்துவிடுகிறார்கள்.

ஐதன்னாவின் கைவிளக்கு

நான் சொல்லியே ஆக வேண்டிய மனக்குறை ஒன்று இருக்கிறது. மேலே சொன்ன இந்திய இதழ்கள் எல்லாம் ஆங்கிலத்தில் வருபவை. தமிழ்நாட்டில் பறவைகளை அதிகம் பார்ப்பவர்கள் ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் அல்ல. ஏரிக் காவல்காரர், கிடை போடுபவர், உப்பளத் தொழிலாளி, இருளர், நரிக்குறவர். இவர்கள் அறிந்ததை அச்சில் ஏற்றும் வழி குறுகலாக இருக்கிறது. மா. கிருஷ்ணன் போன்று இரண்டு மொழியிலும் நேராகக் காட்டைப் பார்த்து எழுதியவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவே.

1848இல் விவரிக்கப்பட்ட, ஜெர்டனின் பெயர் தாங்கிய ஜெர்டன் கோர்சர் என்ற பறவையை 1900க்குப் பிறகு எந்த அறிஞரும் பார்க்கவில்லை. அற்றுப்போயிற்று என்றே பலர் எழுதிவிட்டார்கள். 1980களில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் பாரத் பூஷண், கடப்பை மாவட்டத்துப் புதர்க்காடுகளில் ஊர் ஊராகப் படத்தைக் காட்டி விசாரித்தார். பறவை தெரியும், பகலில் வராது, ராத்திரிப் பறவை என்று ஊர்க்காரர்கள் சொன்னார்கள். 1986 ஜனவரியில் ரெட்டிப்பள்ளி அருகே ஐதன்னா என்பவர், இரவில் விளக்கு வெளிச்சத்தில் ஒன்றைக் கையாலேயே பிடித்துவிட்டார். அறிஞர்கள் 86 ஆண்டுகள் தேடாமல் விட்டதோ தப்பான நேரத்தில் தேடியதோ அவர் பிழை அல்ல. பாவம், அந்தப் பறவை பிழைக்கவில்லை. ஐதன்னாவின் பெயர் பதிவாகியிருப்பதால்தான் இன்று நாம் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். நெல்லூரில் ஜெர்டனுக்குப் பறவைகளைப் பற்றிச் சொல்லிக்கொடுத்த யானாதிப் பழங்குடியினரின் பெயர்கள் எந்தப் பக்கத்திலும் இல்லை.

பிளாக்பக் போன்ற ஓர் இதழ், தமிழில் வரும் குறிப்பைத் தமிழிலேயே போட்டுக் கீழே ஆங்கிலத்தில் நான்கு வரிச் சுருக்கம் கொடுத்தால் குடிமுழுகிப் போகாது. அதுவரை, ஏரிக்கரையில் ஆடு மேய்ப்பவர் ‘அந்தப் பெரிய நாரை போன வருஷம் வரல தம்பி, முந்தின வருஷம் மாசியில வந்துச்சு’ என்று சொன்னால், அதை அவர் சொன்னபடியே நோட்டில் எழுதுங்கள். அனுப்பும்போது, பார்த்தவர் என்ற இடத்தில் அவர் பெயரையும் சேருங்கள். மறக்காமல் போன் நம்பரும் வாங்கிக்கொள்ளுங்கள். ஆசிரியர் அவரிடமும் ஏழு கேள்வி கேட்பார்.